குழு: தேவிபட்டினம் சொந்தங்கள்

செல்வி: பெரியப்பா, ஒரு சந்தேகம். காலேஜில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா 1952-ல் சிலோன் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்று சித்தப்பா சொல்கிறார். எழுதலாமா?

சித்தப்பா: தாராளமாக எழுது. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானுக்குப் போட்டதாக ஐயாவே சொன்னார்.

பெரியப்பா: தம்பி, பிள்ளையைக் குழப்பாதே. தொண்டமான் நின்றது நுவரெலியா. ஐயா வேலை பார்த்த தேயிலைத் தோட்டம் இருந்தது தலவாக்கலையில். அங்கே நின்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அதுவும் 1947-ல்.

செல்வி: கவிதை எழுதியவரா?

பெரியப்பா: அவரேதான் தாயி. அந்தத் தேர்தலில் மொத்தம் 95 இடம். நம்ம தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடம் ஜெயித்தது. இன்னும் சில தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமரான டி. எஸ். சேனநாயக்க கட்சிக்குக் கிடைத்தது 42 தான், பாதிகூட இல்லை. அப்புறம் சும்மா இருப்பார்களா?

மாப்பிள்ளை (கீழக்கரை): மறு வருஷமே குடியுரிமைச் சட்டம். 🤦

பெரியப்பா: ஆமாம் மாப்பிள்ளை, 1948. அப்பா சிலோனில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். ஐயா பிறந்தது அங்கே தோட்டத்து லயத்தில்தான், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில். ஆனால் அவர் அப்பா நம்ம தேவிபட்டினத்தில் பிறந்து கப்பலேறிப் போனவர். அதோடு கதை முடிந்தது. 1949-ல் குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். 1952-ல் பட்டியலில் ஐயா பெயரே கிடையாது, எங்கே போய் ஓட்டுப் போடுவது?

செல்வி: மனு எதுவும் போடவில்லையா?

பெரியப்பா: போட்டார். 1949-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கில் மனு, பெரும்பாலும் தள்ளுபடி. ஐயாவுடையதும்தான்.

மாப்பிள்ளை (கீழக்கரை): யாழ்ப்பாணத்து ஜி. ஜி. பொன்னம்பலமே மனுவுக்கான அந்த 1949 சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். செல்வநாயகம் அவருடைய தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சி ஆரம்பித்தார். அதையும் எழுது செல்வி.

அத்தை: அண்ணே, நான் ஒருநாள் ஐயாவிடம் ஓட்டைப் பற்றிக் கேட்டேன். "கள்ளத்தோணிக்கு ஏதும்மா ஓட்டு" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். அங்கே நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

சித்தப்பா: இங்கே வந்த பிறகு மட்டும் என்ன, சிலோன்காரன் வீடு என்றுதானே அடையாளம் சொன்னார்கள்.

செல்வி: திரும்பி வந்தது எப்படி?

பெரியப்பா: 1964-ல் நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், அங்கே 3,00,000 பேர், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆட்டுக்குட்டியைப் பங்கு பிரித்த மாதிரி. நம்மையெல்லாம் ஏற்றி வந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், அப்புறம் திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப். உன் அப்பா அப்போது கைக்குழந்தை.

அத்தை: பாதி டிரங்குப் பெட்டி தேயிலைத் தூள்தான் 😄

பெரியப்பா: 1977 மார்ச்சில் மக்களவைத் தேர்தல். ராமநாதபுரம் தொகுதி வாக்காளராக ஐயா வரிசையில் நின்றார். 1947-க்குப் பிறகு அவர் போட்ட முதல் பாராளுமன்ற ஓட்டு அதுதான்.

சித்தப்பா: அதே வருஷம் ஜூலையில் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவில் ஜெயித்தாரே! அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மாப்பிள்ளை (கீழக்கரை): 😂😂

செல்வி: மண்டபம் கேம்ப் அட்டை இருந்தால் போட்டோ அனுப்புங்கள் பெரியப்பா. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

பெரியப்பா: பீரோவில் இருக்கிறது. சாவி உன் அத்தையிடம்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். நகரை மீன் வாங்கி வைக்கிறேன்.