மனசு அலையும்போது சிக்குக் கோலம்: எத்தனை புள்ளியில் தொடங்கலாம்?

(மாக்கோலம், நேர்ப்புள்ளி, திண்ணை என்ற புனைபெயர்களில் மூவர் சொன்ன பதில்கள்.)

மாக்கோலம்:
ஒரே விஷயத்தையே மனசு அசைபோட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்கு ரங்கோலி அவ்வளவாக உதவாது. கை பாட்டுக்கு வண்ணம் நிரப்பும், மனசு பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு, அதாவது இழை, வளைந்து பின்னிப்போகும் சிக்குக் கோலத்தில் அந்தச் சலுகை கிடையாது. இழை அடுத்து எந்தச் சந்தில் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு 3 வரிசை, வரிசைக்கு 4 நேர்ப்புள்ளி (ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக வரும் புள்ளி). கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். புள்ளிக்குப் புள்ளி 2 கட்டம் தள்ளி வையுங்கள். இழைகள் வெட்டிக்கொள்ளும் இடம் சரியாகக் கட்டத்தின் மூலையில் விழும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழை சாய்வாகக் கடக்கும், நேராகப் போகாது. ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியை வளைத்துத் திரும்பும். இவ்வளவுதான் விதி. பேனாவால் போடுங்கள். பென்சில் என்றால் ரப்பர் தேடிக்கொண்டே நேரம் போய்விடும்.

நேர்ப்புள்ளி:
3க்கு 4 என்று சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. பலபேர் 3க்கு 3 வைத்துத் தொடங்கி, இழை பாதியிலேயே மூடிக்கொண்டதும் "நமக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. 3க்கு 3ல் இந்த விதிப்படி எங்கே தொடங்கினாலும் மூன்று தனி இழைதான் வரும். வரிசைக்கும் புள்ளிக்கும் மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எதுவோ, அத்தனை இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 5க்கு 6 என்றால் ஒன்றே ஒன்று.

போட்டு முடித்ததும் வெட்டும் இடங்களை எண்ணிப் பாருங்கள். 3க்கு 4ல் 17 இருக்கவேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு சந்தில் கடக்காமல் திரும்பியிருக்கிறீர்கள்.

விளையாட்டு அதற்கப்புறம்தான். அதே கோலத்தில் ஏதாவது ஒரு வெட்டை எடுத்துவிட்டு, இழைகளை அங்கேயே திருப்பிவிடுங்கள். திருப்ப இரண்டு வழி: இரண்டு புள்ளிக்கும் நடுவே இழையைச் சுவர்போல விட்டுப் பிரிக்கலாம், அல்லது நடுவில் இழையே வராமல் இரண்டையும் சேர்த்து அணைக்கலாம். ஒரு வழியில் கோலம் இரண்டு இழையாகப் பிரியும், இன்னொன்றில் ஒரே இழையாகவே இருக்கும். எது எப்படி என்பது வெட்டுக்கு வெட்டு மாறும். முதலில் ஊகியுங்கள், பிறகு பேனாவை ஓட்டிப் பாருங்கள். தோற்றால் ஒரு பக்கம் காகிதம் போச்சு, அவ்வளவுதான்.

திண்ணை:
தரையில் போடுவோருக்கு: மாவு நைசாக இருந்தால் விரலில் ஒட்டித் திட்டுத்திட்டாக விழும், ரவைப் பதம் நல்லது. தண்ணீர் தெளித்ததும் போடாதீர்கள், ஈரத்தைத் தரை இழுக்கட்டும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடித்து, பெருவிரலை மட்டும் நகர்த்துங்கள். எல்லா விரலையும் இறுக்கினால் ஓரிடத்தில் மொத்தமாகக் கொட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிலேட்டும் சாக்பீசும் போதும்.

மாக்கோலம்:
அழகாக வரவேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அமெரிக்காவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் விருப்பம்போல் கலைப்பொருள் செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததும் இல்லாததும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு, அதனால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கோலத்தை நம்பி உட்காராதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நேர்ப்புள்ளி:
ஒன்று விட்டுப்போச்சு. முடித்த உடனே போட்டோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள். அடுத்த கோலத்தில் வெட்டை மாற்றிப் பார்க்கக் கை வராது, பார்ப்பவர்களுக்காகத் தெரிந்ததையே போடுவீர்கள்.