சீதன வீட்டின் உறுதியில் மாப்பிள்ளையின் பெயர் வேண்டுமா?

களுவாஞ்சிகுடி மகள்:
எனக்கு 29 வயது, ஆசிரியையாக இருக்கிறேன். ஆவணியில் கலியாணம். எங்கள் மட்டக்களப்பு வழக்கப்படி அம்மாவின் வளவில் 15 பேர்ச் நிலமும், அதில் கட்டிக்கொண்டிருக்கும் வீடும் எனக்கு. அந்த வளவு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. சென்ற வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்து, காணிப் பத்திரமான உறுதியை இருவர் பெயரிலும் எழுதச் சொன்னார்கள். “இப்போது எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்” என்றார் மாப்பிள்ளையின் மாமா. அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு நித்திரையில்லாமல் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நல்ல மனிதர். கூரை வேலைக்கு ஐந்து இலட்சம் தந்திருக்கிறார். நான் மறுத்தால், கலியாணத்துக்கு முன்பே அவரை நம்பவில்லை என்றாகிவிடாதா?

படுவான்கரை அண்ணன்:
தங்கச்சி, உறுதியில் யார் பெயர் என்பது பிறகு. முதலில் இந்த வீடு எதற்கு? எனக்கு மூன்று தங்கைகள். கட்டாரில் ஒன்பது வருடம் வெயிலில் நின்றேன். முதல் வீட்டுக்கு அத்திவாரம் போட்டபோது எனக்கு 26 வயது, மூன்றாவது வீட்டுக்கு ஓடு போட்டபோது 37. எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. தங்கைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. ஆனால் பெண்ணுக்குச் சொத்து என்று நாம் பெருமை பேசும் இந்த வழக்கத்தில், வீடு கட்ட வழியில்லாத வீட்டுப் பெண்ணை யார் கேட்டு வருகிறார்கள்? எங்கள் ஊரில் நாற்பது தாண்டியும் அப்படி இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். சீதன வீடு என்ற பேச்சே ஒழிய வேண்டும்.

காத்தான்குடி ராத்தா:
தம்பி சொல்லும் பாரம் எங்கள் பக்கமும் அப்படியேதான். வாப்பாவும் காக்காவும் ஒவ்வொரு மகளுக்கும் வீடு கட்டி முடிப்பதற்குள் தேய்ந்துபோகிறார்கள். அதற்குமேல் மாப்பிள்ளைக்குப் பணமாகக் கொடுக்கும் கைக்கூலி வேறு. கைக்கூலியை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆனால் வீட்டைப் பற்றி என் அனுபவம் வேறு. மூன்று பிள்ளைகளையும் உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்துதான் பெற்று வளர்த்தேன். காய்ச்சல் வந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் போதும். பிறகு எனக்கும் கணவருக்கும் பிரிவு வந்தது. அன்று பெட்டியோடு வாசலைத் தாண்டியவர் அவர். நானும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருந்தோம், பள்ளிக்கூடம்கூட மாறவில்லை. இதை ஒழித்துவிட்டுப் பெண்ணுக்கு எதைத் தருவீர்கள்?

வீட்டோடு மாப்பிள்ளை:
இங்கே யாரும் மாப்பிள்ளையின் பக்கத்தைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மனைவியின் வீட்டில் 14 வருடங்கள். சுற்றுமதில் நான் கட்டியது, கிணற்றை ஆழமாக்கியது நான், பின்பக்க இரண்டு அறைகளும் என் சம்பளம். ஒருநாள் சிறிய வாக்குவாதத்தில் மாமி சொன்னார்: “இது என் மகளின் வீடு.” அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. ஆயுள் முழுதும் உழைத்துப் போடுகிறவன் விருந்தாளியாகவே இருக்க வேண்டுமா? இருவர் பெயரிலும் உறுதி கேட்பதைப் பேராசை என்று எண்ணாதீர்கள், பிள்ளை. பலருக்கு அது மரியாதைக் கேள்வி.

நொத்தாரிசு மேசை:
உறுதி எழுதும் நொத்தாரிசாகத் தொழில் முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பில் செல்லாது. யாழ்ப்பாணத்தில் அதற்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவே கணவரின் சம்மதம் வேண்டும் என்பது நீண்டகால விதி. இங்கே 1923 ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஆதனம் முழுக்க உங்களுடையது. இனிக் கணக்குப் பாருங்கள். வீடு உங்கள் பெயரில் மட்டும் இருந்து, மரண சாசனம் எழுதாமல் நீங்கள் இறந்தால், 1876 ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டப்படி பாதி கணவருக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். அவரை யாரும் தெருவில் விடப்போவதில்லை. இருவர் பெயரிலும் எழுதினால் பாதி இன்றே அவருடையது. உங்கள் பாதியிலும் பாதி பிறகு அவருக்குச் சேரும். ஆக அவருக்கு முக்கால், பிள்ளைகளுக்குக் கால். அதோடு, தன் பிரிக்கப்படாத பங்கை அவர் விற்கலாம், ஈடு வைக்கலாம். 1977 ஆம் ஆண்டுப் பிரிவிடல் சட்டத்தின்கீழ் பங்கைப் பிரிக்கச் சொல்லி வழக்கும் போடலாம். வாங்கியவர் யாரென்று தெரியாமல் உங்கள் சமையலறைக்குப் பங்காளி வருவதை நான் பார்த்திருக்கிறேன். முஸ்லிம்களின் மரபுரிமைக்கு 1931 ஆம் ஆண்டுச் சட்டம் வேறாக உண்டு.

நாவலடிக் கரை:
அம்மம்மாவின் வீடு, அம்மாவின் வீடு, என் வீடு மூன்றும் நாவலடியில் ஒரே வளவில் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை மூன்றும் போயின. அம்மாவும் போனார். பிறகு கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். உள்பக்கமாக ஒரு குடியேற்றத்தில் வீடு கிடைத்தது. பதியும்போது “குடும்பத் தலைவர் யார்?” என்று கேட்டார்கள். கணவரின் பெயரைச் சொன்னேன். என்னோடு வரிசையில் நின்றவர்களும் அவரவர் கணவரின் பெயரைத்தான் சொன்னார்கள். கடல் கொண்டுபோனது தாய்வழி வந்த வீடு. திரும்பக் கிடைத்ததோ அவருடைய வீடு. ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் வேறொரு குடும்பத்தோடு போனார். ஒருநாள் ஆள் கூட்டிவந்து, நான் சோறு வடித்துக்கொண்டிருக்கையில் வளவை அளந்தார். அன்றுதான் அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது.

அந்நாளில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமையாவது தாருங்கள் என்று போராடின. அதை இங்கே யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம். எங்களுக்கு அது இல்லாத பாதியைக் கேட்டது. பிள்ளை, உங்களிடம் கேட்பதோ இருக்கும் பாதியை.

தம்பிலுவிலான்:
உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணியா என்று யாரும் கேட்கவில்லையே! பேர்மிட் என்றால் இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் முன்பு பிள்ளைகளில் மகன்களுக்குத்தான் முன்னுரிமை. 2022 இல்தான் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினார்கள்.

படுவான்கரை அண்ணன்:
எல்லாம் வாசித்தேன். ராத்தா சொன்னது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வீடு பெண்ணைக் காக்கிறது, சரி. அந்த வீட்டைக் கட்டியவனுக்கு என்ன எழுதுகிறீர்கள்? களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்குத் தம்பி இல்லையா? அவன் கதை இங்கே ஒரு வரியும் வரவில்லை.

களுவாஞ்சிகுடி மகள்:
இருக்கிறான். 24 வயது. என் வீட்டுச் சுவருக்காக வங்கியில் கடன் எடுத்தவன் அவன்தான். அண்ணா கேட்ட பிறகுதான் அதை நான் எழுதவேயில்லை என்பது தெரிந்தது, வெட்கமாக இருந்தது. இன்று அவனிடம் பேசினேன். மீதித் தவணைகளை என் சம்பளத்தில் கட்டுகிறேன். அப்பாவின் வயல் அவனுக்கென்று இப்போதே எழுதுகிறோம்.

எங்களுடையது உறுதிக் காணிதான். மாப்பிள்ளையிடமும் தொலைபேசியில் நேராகவே சொன்னேன்: உறுதி என் பெயரில் மட்டும்; அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆயுட்கால உரிமை; நீங்கள் தந்த ஐந்து இலட்சத்துக்குத் தனியாக எழுத்து, இனிப் போடுவதற்கும் அப்படியே; இந்த வீட்டில் யாரும் உங்களை விருந்தாளி என்று சொல்ல நான் விடமாட்டேன். நீண்ட நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. பிறகு, மாமாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று நாளாகிறது, இன்னும் பதில் இல்லை. வியாழக்கிழமைக்கு நொத்தாரிசிடம் நேரம் கேட்டுவிட்டேன். அம்மாவும் வருகிறார்.