முனைவர் படிப்பு முதல் வருடம்: மைக்ரோவே வாரத்தைத் தின்னுது

கிளமெண்டி_வாசி:
பொருளியல் முனைவர் படிப்பு, முதல் செமஸ்டர். மைக்ரோ, மேக்ரோ, எக்கனாமெட்ரிக்ஸ் மூணும் சேர்ந்தே ஓடுது. மைக்ரோ ப்ராப்ளம் செட்டுக்கே நாலு நாள் போயிடுது. மத்த ரெண்டும் ராத்திரியோட ராத்திரியா முடியுது. ரீசெஸ் வாரத்தை (செமஸ்டர் நடுவுல வர்ற விடுமுறை வாரம்) எதுக்கு வெச்சுக்கலாம்? ஆய்வுத் தலைப்பை இப்பவே தேடணுமா?

மார்ஷல்_ரசிகர்:
ஒரு கணக்குக்கு 40 நிமிடம் என்று வரம்பு வையுங்கள். நகரவில்லையா? கொடுத்த அனுமானங்களில் எது இன்னும் பயன்படவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் தனியாக ஒரு முறை தொட்ட பிறகே நண்பர்களோடு உட்காருங்கள். முதலிலேயே கூட்டாகச் செய்தால் விடைத்தாள் அழகாக இருக்கும், தேர்வறையில் பேனா நகராது.

ரீசெஸ் வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். முடித்த கணக்குகளையே வெற்றுத் தாளில் திரும்பப் போடுங்கள். உதாரணத்துக்கு ஸ்லட்ஸ்கி சமன்பாடு (விலை மாறும்போது தேவை மாறுவதைப் பதிலீட்டு விளைவு, வருமான விளைவு என்று பிரிப்பது): ஹிக்ஸ் தேவையும் (பயன்பாட்டு அளவு மாறாமல் வைத்தது), செலவுச் சார்பையே (அந்த அளவை எட்டத் தேவையான குறைந்தபட்சச் செலவு) வருமானமாக வைத்த மார்ஷல் தேவையும் (வருமானம் மாறாமல் வைத்தது) சமம், விலையைப் பொறுத்து வகையிட்டு ஷெப்பர்ட் லெம்மாவை (செலவுச் சார்பை விலையால் வகையிட்டால் ஹிக்ஸ் தேவை வரும்) போட்டால் மூன்றே வரி. பார்க்காமல் எழுத வராதவரை படித்த கணக்கில் சேராது.

கூன்-டக்கரில் (கட்டுப்பாடுகளுக்குள் உச்சம் தேடும் நிபந்தனைகள்) மார்க் போவது பெரும்பாலும் ஓரத் தீர்வில், அதாவது ஏதாவது ஒரு பண்டத்தின் அளவு பூஜ்யமாகும் இடத்தில். குவாசி-லீனியர் பயன்பாட்டில் (நுகர்வோர் திருப்தியைக் காட்டும் சார்பில் ஒரு பண்டம் மட்டும் நேர்கோடாக வரும் வகை) வருமானம் ரொம்பக் குறைந்தால் நியூமரேர் பண்டம், அதாவது அந்த நேர்கோட்டுப் பண்டம், பூஜ்யமாகிவிடும். அந்த நிலையை எழுதாமலே விட்டுவிடுவார்கள்.

பெல்மேன்_பக்தன்:
மேக்ரோவை ராத்திரிக்குத் தள்ளாதீங்க, அதிலும் பொறி உண்டு. பல காலத்துக்கான முடிவுகளைத் தீர்க்கும் பெல்மேன் சமன்பாட்டில், பிளாக்வெல் நிபந்தனை ரெண்டையும் (ஏறுமுகம், தள்ளுபடி) சரிபார்த்ததும் கான்ட்ராக்ஷன்னு (ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி சுருங்கி ஒரே தீர்வுக்குப் போகும்னு) முடிச்சிடுவாங்க. அது வரம்புள்ள சார்புகளுக்குத்தான். லாக் பயன்பாட்டுக்கு வரம்பே இல்லையே! அங்கே தீர்வின் வடிவத்தை ஊகிச்சு, குணகங்களைப் பொருத்திப் பார்க்கணும்.

வீவக_டேட்டா:
தலைப்பு வேண்டாம், தரவைத் தொடலாம். வாரம் 2 மணி நேரம் போதும். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலைகள் 1990 முதல் அரசாங்கத் தரவுத் தளத்தில் இலவசம். புளோக், தெரு, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு எல்லாம் இருக்கும். யூனிட் எண் இருக்காது. மாடியும் பெரும்பாலும் 10 முதல் 12 என்று மும்மூன்று மாடிகளாகச் சேர்த்துத்தான் இருக்கும். ஆகவே ஒரே வீடு இரண்டு முறை கைமாறியதை நேரடியாகத் தொடர முடியாது. இது தெரியாமல் எழுதும் முன்மொழிவு முதல் கேள்வியிலேயே விழும்.

கிளமெண்டி_வாசி:
நன்றிங்க. திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும்னு காட்டும் அளவு) வட்டார வாரியா கிளஸ்டர் பண்ணினா, அதாவது ஒரே வட்டார வீடுகளை ஒரே குழுவா எடுத்துக் கணக்கிட்டா, போதுமா?

வீவக_டேட்டா:
வட்டாரங்கள் இருபத்துச் சொச்சம்தான். இவ்வளவு குறைந்த கிளஸ்டருக்கு வழக்கமான திட்டப்பிழை சிறிதாக வந்து, இல்லாத விளைவையும் இருப்பதாகக் காட்டிவிடும். வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் (குழு குழுவாகப் பிழைகளின் குறியைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை மறுபடி மதிப்பிடும் முறை) போட்டுப் பாருங்கள்.