தானியம் சேர்க்காத மீட்லோஃப் உதிராமல் வர வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் உதகையில் வசிக்கிறோம். அரிசி, கோதுமை, ஓட்ஸ், சிறுதானியம் என எல்லாத் தானியங்களையும் அம்மாவுக்கு மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருப்பதால், அம்மா மிகவும் விரும்பும் மீட்லோஃபை (கொத்துக்கறியை ரொட்டி வடிவில் அமைத்து ஓவனில் சுடும் உணவு) ரொட்டித்தூள் இல்லாமல் செய்ய முயன்று வருகிறேன்.

சென்ற ஞாயிறன்று அரை கிலோ ஆட்டுக் கொத்துக்கறியில் ஒரு முட்டை, துருவிய கேரட், வதக்கிய வெங்காயம், நான்கு மேசைக்கரண்டி பாதாம் மாவு ஆகியவற்றைச் சேர்த்து, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தேன். சுவை நன்றாகவே இருந்தது. ஆனால் கேரட் விட்ட நீர் தட்டில் தேங்கி, கத்தி வைத்ததும் துண்டுகள் உதிர்ந்துவிட்டன. ரொட்டித்தூள் அளவுக்குப் பாதாம் மாவு ஈரத்தை உறிஞ்சுவதில்லை என்பதே காரணம் என்று கருதுகிறேன். கோலா உருண்டைக்குச் சேர்க்கும் பொட்டுக்கடலை மாவு தானியம் அல்ல, பயறு வகைதான் என்றாலும், அதுவும் அம்மாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மசித்த உருளைக்கிழங்கோ ஆளிவிதைப் பொடியோ சேர்த்துச் செய்தவர்கள், அரை கிலோ கறிக்கு எவ்வளவு சேர்த்தீர்கள் என்று அன்புகூர்ந்து தெரிவியுங்கள். நம் மலையில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்து விரைவாக ஆவியாகிவிடுவதால், இங்கேயே செய்து பழகியவர்களின் நேரக் கணக்கு எனக்கு மிகவும் தேவை. கறியின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டிய பிறகே அம்மாவுக்குப் பரிமாற விரும்புகிறேன்.