மறுமொழி: 'கேரியர்' – 'நோய்க் கடத்தி' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தாலும் தனக்கு நோய் இல்லாதவரை மருத்துவத்தில் 'கேரியர்' என்கிறார்கள். முகாம் துண்டறிக்கைக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில், குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'நோய்க் கடத்தி' ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

பழக்கத்தில் இருப்பதுதான் ஐயா சிக்கல். எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில், தெருப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். ஹெச்பி ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) என்ற வரிக்கு நேராக 5.2 சதவீதம், இயல்பைவிட அதிகம். அதன் கீழே யாரோ பேனாவால் 'தலசீமியா நோய்க் கடத்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்தச்சோகை நோய், ஒட்டுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி: "கூட இருந்தா ஒட்டிக்குமா?" அந்தத் தாள் கைமாறிக் கைமாறி, எம்.சி. ரோட்டில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தாள் அவளுடையது, காட்டச் சொல்லி அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு நோயே கிடையாது. அப்பா, அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதி) மரபணுக்களில் ஒன்று பழுது, மற்றது ஒழுங்காக வேலை செய்கிறது. லேசான சோகை இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு. மாப்பிள்ளைக்கும் அதே மரபணுவில் பழுது இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஆக, அடுத்து பரிசோதிக்க வேண்டியது மாப்பிள்ளையை! அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். துறைமுகத்தை ஒட்டி வாழும் ராயபுரத்துக்காரரிடம் 'கடத்தி' என்றால் அவர் நினைப்பு எங்கே போகும்? ஈழத்து வழக்கில் 'நோய்க்காவி' உண்டு, ஆனால் அது கொசுவுக்கும் பொருந்தும். 'கேரியர்' என்றே விட்டால் சாப்பாட்டு அடுக்குதான் ஞாபகம் வரும். அதுகூடப் பரவாயில்லை, யாருக்கும் கெடுதல் இல்லை.

என் முன்மொழிவு: 'ஒற்றைக்கூறு'. "உங்களுக்குத் தலசீமியா ஒற்றைக்கூறு இருக்கிறது, நோய் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் பழுதானால் 'இரட்டைக்கூறு'. 'நோய்' என்ற சொல் ஆளோடு ஒட்டவே கூடாது என்பதுதான் என் பிடிவாதம்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம், அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) மரபணு ஒன்று மட்டும் உள்ள ஆரோக்கியமான இளைஞர்களை 1981 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. நம் நாட்டிலும் 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தில், பரிசோதித்தவர்களுக்கு மரபு நிலையைக் குறித்த அட்டையே தருகிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் அட்டையை மாமியாரும் படிப்பார், முதலாளியும் படிப்பார்.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் இடிக்கிறது. ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். அதில் பழுதிருந்தாலே நோய். அவனுக்கு இருப்பதும் ஒரே கூறுதானே என்று கேட்டால் என்ன சொல்வது? அங்கே 'ஒற்றைக்கூறு' என்பதைப் பெண்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? மரபியல் படித்தவர்கள் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை முகாமுக்கான துண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.