பிராடக்ட் மேனேஜரே கோட் எழுதி லைவ் விடலாமா?

கேள்வி:
எனக்கு கோடிங் பின்னணி கிடையாது. கோட் எழுதித்தரும் ஏஐ கருவியான கிளாட் கோட் துணையோடு சப்போர்ட் டீமுக்காக ரீஃபண்ட் கோரிக்கை டாஷ்போர்டு ஒன்று செய்தேன், முன்னால் திரைக்கு ரியாக்ட், பின்னால் டேட்டாபேஸுக்கு சூபாபேஸ். உள்ளே எல்லோருக்கும் பிடித்துப்போய், வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிடச் சொல்கிறார்கள். டெவலப்பர்களோ அடுத்த காலாண்டுதான் என்கிறார்கள். நானே ஷிப் செய்யலாமா?

பேக்கெண்ட்காரன்:
முதல்ல ஒவ்வொரு டேபிளிலும் ஆர்எல்எஸ், அதாவது எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்கிற விதி, சரியாக இருக்கிறதா பாருங்க. சூபாபேஸின் பொதுச் சாவியான அனான் கீ பிரவுசரில் எல்லோருக்கும் தெரியும், அதில் தப்பில்லை, ஆனால் ஆர்எல்எஸ் இல்லாவிட்டால் அதை வைத்தே யாரும் மொத்த டேபிளையும் படித்துவிடலாம். அட்மின் சாவியான சர்வீஸ் ரோல் கீ அந்த விதிகளையே தாண்டும், அது பிரவுசர் பக்கம் வந்தால் கதை முடிந்தது. இரண்டு டெஸ்ட் அக்கவுண்ட் வைத்து, ஒன்றில் நுழைந்து மற்றதன் ரீஃபண்ட் ஐடியைக் கேட்டுப் பாருங்க, வரக்கூடாது.

பழைய_டெஸ்டர்:
2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' (கோடைப் படிக்காமல் ஏஐ தருவதை அப்படியே ஏற்பது) பற்றி எழுதிய ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தியே, தூக்கிப்போடுகிற வாரக்கடைசி புராஜெக்ட்டுக்கு மோசமில்லை என்றுதான் சொன்னார். இது காசு விவகாரம்!

இன்னொரு பிஎம்:
அதுக்காக காலாண்டு முழுக்க காத்திருக்கணுமா என்ன. நான் ஷிப் செய்கிறேன், சின்னச் சின்ன புல் ரிக்வெஸ்ட்டாக (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), டெவலப்பர் ஒருத்தர் பார்த்த பிறகு. லாகின், பேமென்ட் பக்கம் மட்டும் கை வைப்பதில்லை.

கேட்டவர்:
சரி, வாடிக்கையாளர் பார்க்க மட்டும் முடிகிற பக்கத்தை ரிவ்யூவுக்கு அனுப்புகிறேன். ராத்திரி உடைந்தால் யாரை எழுப்புவது?

பேக்கெண்ட்காரன்:
உங்களைத்தான் :)