பொருள்: சப்மாட்யூலுக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளுக்கான பயிற்சிக் கையேடு நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு திட்டத்தின் அடைவில் (ஃபோல்டரில்) இன்னொரு திட்டத்தை இணைக்கும் வசதியான சப்மாட்யூல் பாடம் மட்டும் பாக்கி. திட்டத்தைக் குளோன் செய்ததும், அதாவது தங்கள் கணினிக்கு நகலெடுத்ததும், அந்த அடைவு காலியாகக் கிடப்பதைப் பார்த்து மாணவர்கள் விழிக்கிறார்கள். ‘சப்மாட்யூல் அப்டேட் --இனிட்’ கொடுத்தால்தான் நிரம்பும். ‘துணைக்கூறு’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தேவகோட்டையிலிருந்து:
கூறு என்றால் பகுதி. இதுவோ தனக்கென மாற்ற வரலாறு உள்ள முழுக் களஞ்சியம், அதாவது ரெப்பாசிட்டரி. உள் + களஞ்சியம் = உட்களஞ்சியம். புணர்ச்சியும் சரி, பொருளும் சரி. களஞ்சியத்துக்குப் பதில் கிடங்கு போடலாமே என்று முன்பு கேட்டவருக்கு: பழம்பாட்டில் கிடங்கு என்றால் அகழி. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்ற ஊரும் அதனால் பெயர் பெற்றதே என்பது என் கணிப்பு. அகழிக்குள் கோப்பைப் போட எனக்குச் சம்மதமில்லை.

பள்ளத்தூரிலிருந்து:
ஐயா, அந்த ‘உள்’தான் இடிக்கிறது. தாய்க் களஞ்சியம் பிள்ளையின் கோப்புகளைச் சேமிப்பதே இல்லை. பிள்ளையின் எந்தக் கமிட் (பதிந்துவைத்த நிலை) என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது, முகவரி ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பில் இருக்கிறது. சுட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அ, இ, உ சுட்டெழுத்து என்று படித்தோமே, ‘சுட்டுக்களஞ்சியம்’ என்போம்.

காரைக்குடியிலிருந்து:
தம்பி, “எங்கே சுட்டது சார்?” என்று வகுப்பே சிரிக்கும். வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:
நம் பக்கம் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். வீடு ஒன்று, அடுப்பும் வரவுசெலவும் தனி. ‘வேறுவைப்பு’ என்று எழுதுங்கள், ஆச்சிமாருக்கும் புரியும்.

தேவகோட்டையிலிருந்து:
செட்டிநாட்டில் புரியும். கையேடு மதுரை தாண்டினால் குடும்பச் சண்டை என்று நினைப்பார்கள்.

புதுவயலிலிருந்து:
சப்மாட்யூல் என்றே விட்டால் என்ன? கட்டளையில் அதைத்தானே தட்டப்போகிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து:
அப்புறம் இந்தக் கலைச்சொல் குழு எதற்கு?

காரைக்குடியிலிருந்து:
மணி பதினொன்று ஆகிவிட்டது. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் உட்களஞ்சியம் பக்கமே ஆள் அதிகம். அதையே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் ‘சப்மாட்யூல் எனும் உட்களஞ்சியம்’ என்று இருக்கும். புதுவயல்காரரும் கோபிக்க மாட்டார்.

பள்ளத்தூரிலிருந்து:
சரி அண்ணே, அச்சடியுங்கள். ஆனால் அடுத்த பாடம் சப்ட்ரீ. அதில் கோப்புகள் நிஜமாகவே தாய்க்குள் வந்து உட்கார்ந்துவிடும். ‘உள்’ளை இங்கேயே செலவழித்துவிட்டீர்கள், அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?